மூடி திறந்தால் மேகம்

புதுத் தொலைநோக்கி வாங்கினவன் வீட்டுக்கு மேலே மேகம் வந்து நிற்கும் என்பது வானம் பார்க்கிற கிறுக்கர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்கிற ஒரு வயிற்றெரிச்சல் பேச்சு. ஆனால் வெள்ளூரணி ஸ்டுடியோக்காரன் இருளப்பனுக்கு அது பேச்சாக வரவில்லை, மேகமாகவே வந்தது. ஐப்பசி பிறந்தும் ஒரு பொட்டு மழை விழாமல் ஊரணி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த அந்த வருஷத்தில், லாரி ஆபீஸிலிருந்து பெட்டியைத் தூக்கி வந்து மாடிக்கு ஏற்றி, முக்காலியை விரித்து, குழலைப் பூட்டி, அதன் பின்னால் கேமராவை மாட்டி, சூரியன் அடைந்து மேற்கே வெளிச்சம் வடிகிற வரைக்கும் குட்டி போட்ட பூனையாட்டம் குறுக்கும் நெடுக்கும் நடந்து, கடைசியில் குழலின் முன்மூடியை அவன் கழற்றிய அந்த நிமிஷம், கிழக்கேயிருந்து ஒற்றை மேகம் கிளம்பி, வழியில் எந்த ஊரிலும் நிற்காமல், யாரிடமும் விலாசம் கேட்காமல், அவன் வீட்டு மாடிக்கு நேர் மேலே வந்து நின்றது.

சாதாரண மேகம்தான், அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாலு வீட்டு மாடி அகலம் இருக்கும். இடி மின்னல் என்று ஆர்ப்பாட்டம் கிடையாது. வந்தது, நின்றது, நிதானமாகப் பெய்தது. இருளப்பன் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துக் குழலுக்குப் போர்த்திவிட்டு ஜட்டியோடு நின்று மூடியைப் போட்டான், மேகம் போயிற்று. தலையைத் துவட்டிவிட்டு மறுபடி திறந்தான், வந்தது. மூன்றாவது தரம் திறந்தபோது அவன் பெண்டாட்டி பஞ்சவர்ணம், ஸ்டுடியோவில் படங்களுக்கு பிரேம் போடுகிறவள், ஆணிச் சுத்தியலும் கையுமாகப் படியேறி வந்து நின்றாள்.

"கொடியில துணி கிடக்குன்னு தெரியும்ல? திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு சத்தம் குடுத்தா என்னவாம்?"

அவ்வளவுதான் அவள் கேட்டது. மேகம் ஏன் வருகிறது என்று அவளும் கேட்கவில்லை, வெள்ளூரணியில் வேறு யாரும் கடைசி வரைக்கும் கேட்கவில்லை. வராத மழை ஒன்று வருகிறபோது ஏன் வந்தாய் என்று கேட்டு அதை முறுக்கிக்கொள்ள வைப்பானேன் என்பது வறண்ட ஊரின் நியாயம்.

இருளப்பனுக்கு வேண்டியிருந்தது ஒரு வால்நட்சத்திரம். அதற்கு எண்ணும் எழுத்துமாக ஏதோ ஒரு பேர் வைத்திருந்தார்கள். ஐப்பசியில் வந்து பங்குனி வரைக்கும் மேற்கு வானத்தில் தங்கிவிட்டுப் போகும் என்றும், போனால் மறுபடி திரும்புகிற காலத்தில் வெள்ளூரணி என்று ஓர் ஊர் இருந்ததற்கே அத்தாட்சி இருக்காது என்றும் செய்தியில் சொன்னார்கள். இருளப்பன் கால் நூற்றாண்டாகப் படம் எடுக்கிறவன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பாஸ்போர்ட், சாவு வீட்டில் நாற்காலியில் உட்காரவைத்து நாடி கட்டிய பெரியவர்கள், இன்ஷூரன்ஸுக்காகச் செத்துப்போன கறவை மாடு, எல்லாம் யாரோ கேட்ட படம், யாரோ நிற்கச் சொன்ன இடத்தில் நின்று எடுத்த படம். யாரும் கேட்காத ஒரு படம், யாரையும் சிரிங்க சிரிங்க என்று கெஞ்சாத ஒரு படம், தனக்கே தனக்கென்று ஒன்று எடுத்துவிட வேண்டும் என்று அவனுக்குள் ஒரு வெறி பிடித்திருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, சேசுராஜைத் தவிர. அரசாங்க ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற சேசுராஜும் இவனும் சேர்ந்ததுதான் வெள்ளூரணி விண்மீன் கழகம்; இவன் தலைவர், அவன் செயலாளர், உறுப்பினர் என்று ஒரு குஞ்சும் கிடையாது.

கொடுமையைக் கேளுங்கள். அந்த வால்நட்சத்திரத்தை ஊரில் எல்லாரும் பார்த்தார்கள். இவன் ஸ்டுடியோவுக்குள் யாருக்கோ நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில் மேற்கு வானம் துடைத்துவைத்த மாதிரி இருக்கும். டீக்கடையில் நிற்கிறவன் பார்ப்பான், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவன் பார்ப்பான், ஆடு பத்திக்கொண்டு போகிறவன் பார்ப்பான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பஞ்சவர்ணம் போகிற போக்கில் கேட்டாள், "ஊரணிக்கு மேல விளக்குமாறு மாதிரி ஒண்ணு தொங்கிக்கிட்டுக் கிடந்துச்சே, அதுவா நீங்க தேடுறது?" இருளப்பன் எச்சில் கையோடு மாடிக்கு ஓடினான். ஓடி மூடியைக் கழற்றினான். கழற்றினதும் வந்துவிட்டது, வேறென்ன, மேகம்தான். விளக்குமாறாம்! அவன் மழையில் நின்று கையைக் கழுவிக்கொண்டு இறங்கி வந்தான்.

தெருவுக்கு விஷயம் பிடிபட ரொம்ப நாள் ஆகவில்லை. முதலில் பக்கத்து வீடுகளில் வாளி வைத்தார்கள், பிறகு அண்டா, பிறகு எதிர்வீட்டு முத்துப்பேச்சி தன் வீட்டுக் கூரைத் தகரத்துக்கு ஒரு தூம்பு வைத்துத் தொட்டிக்கு இறக்கினாள், சாயங்காலமானால் பெண்கள் கதவில் சாய்ந்துகொண்டு, "அண்ணே, இன்னிக்கு எப்பத் திறப்பீங்க?" என்று, பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் விடுகிறவனைக் கேட்கிற மாதிரி கேட்டார்கள். துணி துவைக்கிறவர்கள் மட்டும், "கொஞ்சம் பொறுத்துத் திறங்கண்ணே, காயட்டும்" என்பார்கள். யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் அது கரண்டு வருகிற மாதிரி, பஸ் வருகிற மாதிரி, தெருவுக்குக் கிடைத்த ஒரு வசதியாகிவிட்டது. இருளப்பன் ஒவ்வொரு சாயங்காலமும் பல்லைக் கடித்துக்கொண்டு, இன்றைக்காவது வராது, இன்றைக்காவது வராது என்று மூடியைத் திறந்தான், தெரு நனைந்தது, அவன் கேமராவைத் துடைத்து வைத்துவிட்டுப் படுத்தான்.

ஊராட்சித் தலைவி குருவம்மாள் வந்தது அதற்கப்புறம். வாட்டசாட்டமான மனுஷி, வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். கேமராவைக் கண்டால் மட்டும் சேலை முந்தானையை இழுத்துக்கொண்டு பேசாமல் நிற்பாள்; அன்றைக்கு இருளப்பன் கையில் கேமரா இல்லாததால் நன்றாகவே பேசினாள்.

"தம்பி, காட்டுல வெதை வெடிச்ச வாயோட கிடக்கு. மாடியில நின்னு நாலு வீட்டுக்குப் பெய்யுறத, அங்க வந்து நின்னு நாலு காட்டுக்குப் பெஞ்சா என்ன கொறைஞ்சா போயிருவ?"

"நான் பெய்யலை தலைவரம்மா. நான் வானம் பாக்கேன்."

"அதத்தான் சொல்றேன். அங்க வந்து பாரு."

லோடு ஆட்டோவில் முக்காலியையும் குழலையும் ஏற்றி, இருளப்பனுக்கு மாலை போட்டு, முன்னால் தப்பும் பின்னால் குலவையுமாகப் பருத்திக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கரிசல் மண்ணில் முக்காலியை ஊன்றி, ஊரே சுற்றி நின்று பார்க்க, கழுத்தில் மாலை அரிக்க, இருளப்பன் வெட்கத்தில் குறுகி மூடியைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. கிழக்கே பார்த்தார்கள், தெற்கே பார்த்தார்கள், ஒரு பஞ்சுத் துணுக்குக்கூட இல்லை. தப்புக்காரர் அடியை மெள்ள நிறுத்தினார். குருவம்மாளுக்கு முகம் செத்துப்போயிற்று. அப்போதுதான் கூட்டத்துக்குப் பின்னால் நின்ற சேசுராஜ், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதவன், "அண்ணே, அண்ணே, மேற்க பாருங்கண்ணே, வாலு!" என்று கத்தினான். இருளப்பனுக்கு மழை மறந்தது, மாலை மறந்தது, ஊர் மறந்தது. ஐயோ என்று பாய்ந்து குழலைத் திருப்பி, கண்ணை வில்லையில் வைக்கக் குனிந்தான், குனிந்த முதுகில் முதல் சொட்டு விழுந்தது. நிமிர்வதற்குள் மேகம் மேற்கை மூடிவிட்டது. காடெல்லாம் பெய்தது. சனங்கள் சேற்றில் கிடந்து கும்மியடித்தார்கள், ஒரு மனுஷன் மட்டும் மாலையைப் பிய்த்து எறிந்துவிட்டு வண்டிச் சக்கரத்தை உதைத்துக்கொண்டிருந்தான்.

குருவம்மாள் அதைப் பார்த்தாள். பார்த்து, பக்கத்தில் நின்ற முத்துப்பேச்சியிடம் மெதுவாகச் சொன்னாள், "குழாய் அந்த மிசினு இல்லடி. இவருதான் குழாய். இவரு ஆசப்பட்டாத்தான் பெய்யுது."

அன்றையிலிருந்து வெள்ளூரணி ஓர் ஆளின் ஆசையைப் பயிர் மாதிரி வளர்க்க ஆரம்பித்தது. தெருவிளக்குக் கண்ணைக் குத்துகிறது, சாயங்காலம் ஒரு மணிநேரம் அணைத்துவையுங்கள் என்று இருளப்பன் வருஷக்கணக்காகக் கரடியாய்க் கத்தியிருக்கிறான், யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. இப்போது கேட்காமலே அணைத்தார்கள். கல்யாண மண்டபத்து வாசலில் ஓடிக்கொண்டிருந்த சீரியல் பல்பைக் கழற்றினார்கள். குப்பை கொளுத்தினால் புகை வரும் என்று குப்பைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அவன் மாடிக்கு எதிரே நின்ற முருங்கையின் ஒரு கிளை மேற்கை மறைக்கிறது என்று மரத்துக்காரரே வந்து வெட்டினார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வால்நட்சத்திரம் வரையச் சொல்லி ஸ்டுடியோ வாசலில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அம்மன் கோவிலில் வெள்ளிதோறும் அவன் பேருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை நடந்தது, ஆசை குறையாமல் இருக்க. மாதா கோவிலிலும் ஒரு ஜெபம் சேர்த்துக்கொண்டார்கள். சாயங்கால வரவேற்பு வைத்த கல்யாண வீட்டார் மட்டும் அவன் கண் தப்பித்தவறி மேற்கே போய்விடாமல் இருக்க, இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தி, மேடையைவிட்டு இறங்கவிடாமல் சாப்பாட்டைக்கூட அங்கேயே கொண்டுவந்து ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டார்கள்.

வானம் பார்க்கிறவன் வாழ்நாளெல்லாம் எதற்கெல்லாம் ஏங்குவானோ அதெல்லாம் கிடைத்தது, அந்த வானத்தைத் தவிர. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை என்பார்களே, இங்கே பூசாரிகள் அத்தனை பேரும் வாரி வாரிக் கொடுத்தார்கள், சாமிதான் கதவைச் சாத்திக்கொண்டது.

அவனும் சும்மா இருக்கவில்லை. வடகம் காயப்போடப் போகிறவன் மாதிரி தட்டோடு மாடிக்குப் போய், வாய்க்குள் ஏதோ சினிமாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே, சம்பந்தமில்லாதவன் மாதிரி மூடியைத் தட்டிவிட்டுப் பார்த்தான்; மேகம் ஏமாறவில்லை. சேசுராஜைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கீழே அடுப்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்தான். பூண்டில் மனசு நிற்கவில்லை, கரண்டிச் சத்தத்துக்குள் தூறல் சத்தம் கேட்டது. பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போனான், அங்கே பெய்தது. சேசுராஜ் தினமும் தன் செல்போனில், எங்கெங்கோ இருக்கிறவர்கள் தங்கள் வீட்டு மாடியிலிருந்தும் கொல்லையிலிருந்தும் எடுத்த படங்களைக் கொண்டுவந்து காட்டினான், பச்சைத் தலையும் நீள வாலுமாக ஒன்றைவிட ஒன்று அழகாக. பார்க்கப் பார்க்க இருளப்பனுக்கு வயிறு பற்றி எரிந்தது.

"எதுக்குடா தினமும் இதக் கொண்டாந்து காட்டுற? நான் எடுக்கலன்னு தெரியும்ல?"

சேசுராஜ் செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். பிறகு சொன்னான், "எனக்கும் ஒண்ணரை ஏக்கர் பருத்தி நிக்குதுண்ணே."

தலைவருக்கும் செயலாளருக்கும் அதோடு பேச்சு நின்றது. விண்மீன் கழகம் இரண்டாக உடைந்தது, ஆளுக்கு ஒரு பாதி.

மாசியில் பருத்தி காய் வெடித்தது. காடெல்லாம் வெள்ளை வெளேரென்று, கண்கொண்டு பார்க்க முடியாத விளைச்சல். வெள்ளூரணியில் அப்படி ஒரு வெள்ளாமையை யாரும் கண்டதில்லை. வெடித்த பருத்தி நனைந்தால் கறை பிடித்துப்போகும், வியாபாரி விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவான். இனி ஒரு சொட்டு கூடாது. இருளப்பனின் ஆசையோ, ஊரே எருப்போட்டு வளர்த்ததில், மூடி திறக்கிற அளவையெல்லாம் தாண்டிவிட்டது. சூரியன் அடைகிற நேரத்துக்கு அவன் டீயை உறிஞ்சிக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டால் போதும், கிழக்கே கறுத்தது.

குருவம்மாள் ஊர்ப் பெரியவர்களோடு வந்தாள். வெற்றிலை பாக்குத் தட்டு, பழம், ஒரு பட்டு வேட்டி. வந்து, கொஞ்ச நேரம் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"பெஞ்சது போதும் தம்பி. இனிமே ஆசப்படாத."

இருளப்பன் சிரித்தான். சிரிப்பா அது? சிரித்துக்கொண்டே எழுந்தவன், வேட்டித் தட்டைக் காலால் தள்ளினான். தொண்டை கிழியக் கத்தினான்.

"ஆசப்படுன்னா ஆசப்படணும், நிறுத்துன்னா நிறுத்தணும், என் நெஞ்சுல என்ன மடை வச்சிருக்கேன்னு நெனச்சீங்க, ஆளாளுக்குத் திறந்து அடைக்க? லைட்ட அணைச்சீங்க, மரத்த வெட்டுனீங்க, கோயில்ல அர்ச்சனை பண்ணுனீங்க, எல்லாம் எனக்காகன்னு ஒருநாள் ஒரு நிமிசம் நம்பித் தொலைச்சேனே! ஊரு பூரா அதப் பாத்துருச்சு. ஆடு மேய்க்கிறவன் பாத்துட்டான், ஆடு பாத்துருச்சு. நான் ஒருத்தன் பாக்கலை. நான் மட்டும் பாக்கலை! பங்குனியோட அது போயிரும். அப்புறம் நான் எதுக்கு ஆசப்படப்போறேன், அதுவரைக்கும் உங்க பருத்தி கறுத்தா கறுக்கட்டும்."

சொல்லிவிட்டு அழுதான். அத்தனை பேர் முன்னால், மூக்கை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கினவன் மாதிரி அழுதான். வந்தவர்கள் தலைகுனிந்து நின்றார்கள். குருவம்மாளுக்கும் கண் கலங்கிற்று. ஆனாலும் கலங்கிய கண்ணோடு ஜன்னல் வழியாகக் கிழக்கேதான் பார்த்தாள்.

அவர்களும் முயன்று பார்த்தார்கள். அணைத்த விளக்கையெல்லாம் ஏற்றி, இன்னும் நாலு கூட மாட்டினார்கள். அது வெறும் அழுக்குப் பனிக்கட்டி என்று பேப்பரில் வந்ததைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டினார்கள். ஒருவர், வால்நட்சத்திரம் வீட்டுக்கு ஆகாது என்றார். அவன் ஆசை ஒரு நூல் குறையவில்லை. காட்டோரத்தில் இரண்டு வரிசைப் பருத்தி நனைந்தது.

அன்றைக்குச் சோறு போட்டுக்கொண்டே பஞ்சவர்ணம் சொன்னாள், "நீங்க ஆசப்பட்டாத்தான மேகம்? எனக்குத்தான் அந்த விளக்குமாத்து மேல ஒரு ஆசையும் இல்லையே. நீங்க தென்காசிக்குப் போயி எங்க அக்கா வீட்டுல இருங்க. மழையே பொழப்பா இருக்கிற ஊரு, அங்க ஒரு மேகம் கூடப்போனா யாரு கேக்கப்போறா. சொல்லிக் குடுத்துட்டுப் போங்க, நான் எடுக்கிறேன்."

இருளப்பன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான். தன் கையால் எடுக்கவேண்டிய படம். யாரும் கேட்காத படம். இப்போது அதையும் இன்னொருவரிடம் கேட்டு வாங்க வேண்டும், அதுவும் அதை விளக்குமாறு என்கிறவளிடம்! ஆனால் வேறு வழி என்ன இருக்கிறது, எடுக்காமல் போவதைவிட எடுத்தது இருக்கட்டும். மாடித் தளத்தில் முக்காலிக் கால்கள் நிற்கவேண்டிய இடத்துக்குப் பெயிண்டால் வட்டம் போட்டான். துருவ நட்சத்திரத்துக்கு நேரே நிற்கவேண்டிய தண்டை நிறுத்திக் காட்டினான். வானம் நகர நகரக் குழலும் நகர்வதற்கு மோட்டார், கூர்மை பார்ப்பதற்குத் திருகு, அதிராமல் அழுத்துவதற்கு ஒயர், எல்லாவற்றையும் பட்டப்பகலில், மேகம் வராத நேரத்தில், திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தான். பஞ்சவர்ணம் கொட்டாவி விட்டபடி கேட்டுக்கொண்டாள். அந்தக் கொட்டாவியைப் பார்த்துத்தான் அவனுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. ஊர் கூடி நின்று பஸ் ஏற்றிவிட்டது. பஸ்ஸுக்குப் பின்னாலேயே மேகமும் போயிற்று.

வெள்ளூரணியில் வானம் வெளுத்தது, பருத்தி எடுப்பு தொடங்கிற்று. தென்காசியில் மதினி வீட்டு மாடியில் இருளப்பன் தினமும் பொழுதடைகிற நேரத்துக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான், ஒரு கையில் செல்போன்.

முதல் நாள், "எல்லாம் கறுப்பா இருக்குங்க" என்றாள்.

"மூடியக் கழட்டுனியா?"

"எந்த மூடி?"

இரண்டாம் நாள் எல்லாம் கோடு கோடாக வந்தது. மோட்டார் சத்தம் காதை அறுக்கிறது என்று அணைத்து வைத்திருந்தாள். அடுத்த நாள் சுத்தமாக, கூர்மையாக, ஒரு மயிரிழை பிசகாமல் வந்தது, முத்துப்பேச்சி வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. அதற்கும் அடுத்த நாள் ஒன்றுமே வரவில்லை, மாவு அரைக்கப் போய்விட்டாளாம். "மாவா? அடியே, மாவா?" என்று இருளப்பன் கொட்டுகிற மழையில் குடையைத் தூக்கியெறிந்து கத்தியது கேட்டு, மதினி வீட்டில் எல்லாரும் கீழே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எப்படியாப்பட்ட ஜென்மம் எடுத்து வந்தோம் என்று நொந்துகொண்டு, குடையைப் பொறுக்கி, ஈரத்தோடு படுத்து, மறுநாள் சாயங்காலத்துக்காக அவன் விழித்துக் கிடந்தான்.

பங்குனி வந்துவிட்டது. வால்நட்சத்திரம் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டும் தாழ்ந்துகொண்டும் போயிற்று; நாளையிலிருந்து வளர்பிறை நிலா மேற்கே வந்து நின்றுகொள்ளும், அந்த வெளிச்சத்தில் கொஞ்சநஞ்ச வாலும் கரைந்துபோகும், பிறகு எல்லாம் முடிந்தது. அந்தக் கடைசிச் சாயங்காலம், கடைசிப் பருத்தி மூட்டையும் லாரி ஏறிவிட்டது என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தான். அது அவன் காதில் ஏறவில்லை. குடைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. போன் அடித்தது.

"ஒண்ணு வந்திருக்கு. அனுப்பியிருக்கேன், பாருங்க."

நனைந்த விரலால் தேய்த்துத் தேய்த்துத் திறந்தான். வந்திருந்தது! படத்தின் ஒரு மூலையில் பச்சைத் தலை, உயிரோடு, ஒளியோடு. அதிலிருந்து கிளம்பிய வால் இரண்டு விரல் நீளம் போவதற்குள் படம் முடிந்துவிட்டது. வெட்டுப்பட்ட வால். அவனுக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை.

"வால் எங்க பஞ்சு? வால் வெளிய போயிருச்சே, குழலக் கொஞ்சம் வடக்க தள்ளு, ஒரு பொடிதான்..."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"கேக்குதா?"

"ஏங்க," என்றாள். குரல் மெதுவாக இருந்தது. "இது பச்சையாவாங்க இருக்கும்?"

"ஆமா."

"கீழ இருந்து பாக்கிறப்ப சாம்பலால்ல இருந்துச்சு. இதுக்குள்ள இப்படி ஒரு பச்சை... வாலுல நூல் நூலா பிரியுது பாருங்க, ரெண்டா மூணா தெரியல, அதுக்குள்ள முடிஞ்சுபோச்சு." அவளுக்கு மூச்சு வாங்கியது. "இருங்க. முழுசா எடுக்கணும். முழுசா ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டாப் போதும்ங்க, இருங்க, வைக்காதீங்க."

கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து பஞ்சவர்ணம் நகை கேட்டிருக்கிறாள், மிக்சி கேட்டிருக்கிறாள், கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஆனால் இந்தக் குரலை இருளப்பன் கேட்டதே இல்லை. கேட்டவுடன் அவனுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம், ஆசைப்படாதே, பேசாமல் கொட்டாவி விட்டுக்கொண்டு அழுத்து என்று கத்த வாயைத் திறந்தான். வாய் வரவில்லை. அப்படிச் சொல்ல அவனுக்கு எப்படி வாய் வரும்?

குடைமேல் மழை நின்றது.

குறைந்து குறைந்து நிற்கவில்லை, சட்டென்று நின்றது. தலைக்கு மேலே இத்தனை மாசமாக விடாமல் ஒட்டிக்கொண்டிருந்த மேகம், இவனைவிடப் பெரிய ஏக்கம் ஒன்று எங்கேயோ கூப்பிட்டதுபோல, கிழக்கே வெள்ளூரணியைப் பார்த்து விறுவிறுவென்று போயிற்று. அது போன இடத்தில் வானம் இருந்தது. மலைக்கு மேலே, கழுவிவிட்ட இருட்டில், தலை கீழேயும் வால் மேலேயுமாக, அடி முதல் நுனி வரை எங்கேயும் வெட்டுப்படாமல் அது நின்றது. இருளப்பன் கையில் கேமரா இல்லை, குழல் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவன் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தான். குடையை மடக்கவும் தோன்றாமல், வாயைத் திறந்து பார்த்தபடி இருந்தான்.

போனுக்குள் வெள்ளூரணியில் மழை அடிக்கிற சத்தம் கேட்டது. தகரத்தில் தடதடவென்று விழுகிற சத்தம், தெருவில் சனங்கள் ஓடுகிற சத்தம், அதற்கு மேலே குருவம்மாள், "ஏ, யாருடி அது ஆசப்பட்டது? யாரு இப்ப?" என்று தொண்டை கிழியக் கூவுகிற சத்தம். எல்லாவற்றுக்கும் மேலே பஞ்சவர்ணம் அழுதுகொண்டிருந்தாள். கோபத்தில், ஆற்றாமையில், காலைத் தரையில் உதைத்து உதைத்து அழுதாள்.

"வந்துருச்சுங்க! பாழாப்போன மேகம், கொஞ்சம் பொறுத்து வந்தா என்ன, வடக்க தள்ளி வச்சிட்டேன், அழுத்த வேண்டியதுதான், அதுக்குள்ள வந்து மூடிருச்சு! நாளைக்கு நிலா வந்துரும்ல? இனி வராதுல்ல அது? ஐயோ, எப்படிங்க, இத்தன மாசமா எப்படிங்க இதப் பொறுத்துக்கிட்டு ஒரே வீட்டுல எங்கூட உக்காந்து சோறு தின்னீங்க?"

இருளப்பன் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தான். வாலின் ஒரு நூல் பிரிந்து, அதிலிருந்து இன்னொரு நூல் பிரிந்து, மேலே போய் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி போய்க்கொண்டே இருந்தது.

"இருக்கீங்களா? அங்கயாச்சும் விட்டிருக்கா? தெரியுதா உங்களுக்கு?"

இருளப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இல்ல புள்ள," என்றான். "இங்கயும் மழைதான்."